தோட்ட நிருவாகியின் கடமை எல்லை



தோட்ட நிருவாகி ஒருவர் தம் கடமையின் எல்லையை எங்கே வகுத்துக்கொள்கின்றார்? அதனை வகுப்பது அவருடைய குணம் மாத்திரமன்று. பதுளையைச் சூழ்ந்த ஊவா மலைகளில் வாழும் நமக்கு இவ்வினா புத்தகத்து வினாவுமன்று.

முதலாவது, சட்டம். ஒரு தொழிலாளி வேறொரு தோட்டத்திற்குப் போக வேண்டுமாயின், அவன் பட்ட கடனைக் குறித்த 'துண்டு' வேண்டும். கடனைத் தீர்ப்பவருக்கே ஆளும் கிடைப்பான். துரைமாருக்கு இது நெடுநாள் வழக்கமாகவே தோன்றியது. 1921ஆம் ஆண்டுச் சட்டம் இதனைத் தடை செய்தது. நேற்றைய வழக்கம் குற்றமாயிற்று. 1927இல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது. துரையின் மனம்போல் இருந்த கூலி, சட்டத்தின் அளவுக்கு உட்பட்டது.

இரண்டாவது, மேலிடம். தோட்டங்கள் 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிருவாகம் கம்பனிகளிடம் சென்றது. நிருவாகியிடம் மேலிடம் முதலிற் கேட்பது கொழுந்தின் நிறையும் உற்பத்திச் செலவும். லயத்துக் கூரை ஒழுகுகின்றதா என்று கேட்பார் இல்லையேல், அது அவர் மனத்திற் பின்வரிசைக்குப் போய்விடும்.

மூன்றாவது, தொழிலாளரின் ஒன்றுபட்ட குரல். பெண்களுக்கு ஆண்களினும் குறைந்த நாட்கூலி கொடுப்பது இயல்பென்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 1984ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின் பின்னரே சமகூலி கிடைத்தது.

இம்மூன்றும் தளர்ந்த இடத்தில் நேர்வது யாது? கொஸ்லந்தையை அடுத்த மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி காலை மலை சரிந்து லயங்களை மூடிற்று. பல உயிர்கள் மாண்டன. அவ்விடம் ஆபத்தானதென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஆயினும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். நிலம் அரசினது, குத்தகை கம்பனியினது, லயத்தில் வாழ்ந்தவருக்கோ மாற்றுக் காணியில்லை. பொறுப்புப் பலருக்குப் பங்கிடப்படும்போது, தம் பங்கு சிறிதென்றே ஒவ்வொருவருக்கும் தோன்றும்.

ஆகவே, நல்ல மனிதர் நிருவாகியாக வரட்டும் என்று காத்திருத்தல் போதாது. எச்சரிக்கை ஒன்று வந்தால், மக்களை இடம் மாற்றுபவர் யார், எந்தத் திகதிக்குள் என்பவற்றைத் தோட்டத்தாரும் சங்கத்தாரும் எழுத்தில் கேட்டுப் பெறல் வேண்டும். பெயரும் திகதியும் குறிக்கப்பட்ட கடமையை மறப்பது எவர்க்கும் எளிதன்று.