குடித்தவர் ஊதினால் கார் ஏன் கிளம்ப மறுக்கிறது?

அமெரிக்காவில் குடித்துவிட்டு ஓட்டிப் பிடிபட்டவர்களுக்குப் பல மாநிலங்கள் ஒரு நிபந்தனையோடுதான் உரிமம் தருகின்றன: காரில் ஊதும் கருவி இருக்க வேண்டும். ஊதினால்தான் வண்டி கிளம்பும்.

அந்தச் சின்னப் பெட்டிக்குக் குடித்தது எப்படித் தெரிகிறது?

கள் நாள்பட்டால் புளித்துக் காடியாகுமே, ஏறக்குறைய அதுதான் உள்ளே நொடிகளில் நடக்கிறது. மூச்சில் வரும் ஆல்கஹால் பிளாட்டினத்தில் பட்டு, காடியில் உள்ள அதே அமிலமாக மாறும்போது மின்சாரம் பிறக்கிறது. ஆல்கஹால் கூடக்கூட மின்சாரமும் கூடும். அளவு மீறினால் ஸ்டார்ட்டருக்கு இணைப்பு கிடைக்காது.

நண்பரை ஊதச் சொல்லி ஏமாற்றலாமே என்கிறீர்களா? ஓடும்போதும் இடையிடையே ஊதச் சொல்லும். பல கருவிகளில் கேமராவும் உண்டு. அப்போது மாட்டினால் இன்ஜின் நிற்காது (நடுரோட்டில் நின்றால் யாருக்கு ஆபத்து?). பெரும்பாலும் ஹாரன் அலறும், விஷயம் பதிவாகும்.

மவுத்வாஷில் ஆல்கஹால் இருந்தால் அதற்கும் பெட்டி முறைக்கும். சில நிமிடம் கழித்து ஊதினால் வழிவிடும்.