மதிப்பெண் குறைந்தார்க்குப் பாடத் தெரிவு

ஆண்டுதோறும் பெரும்பாலும் சித்திரைத் திங்கள் முடியுந் தறுவாயில் பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வின் முடிவுகள் வெளிவருகின்றன. அதுபொழுது சேலம், நாமக்கல் சமவெளியூர்களில் விடுமுறைக்கு வந்திருக்கும் கல்லூரி மாணவர்களைத் தேடி அயலகத்தார் வருவர். “மார்க்குக் குறைஞ்சு போச்சுங்க தம்பி, பையனை என்ன படிக்க வைக்கலாமுங்க?” என்று வினவுவர். நம்மிற் பலர் அப்பொழுது வாயில் வந்த பாடத்தின் பெயரைச் சொல்லி அனுப்பிவிடுகின்றோம். மூன்று நான்கு ஆண்டுக் காலமும், ஒரு குடும்பத்தின் சேமிப்பும், ஓர் இளைஞனின் மனவூக்கமும் அவ்விடையைப் பற்றி நிற்றலின், அதனை ஆராய்ந்து கூறுதல் நம் கடனாம். அவ்வாராய்ச்சிக்கு வேண்டுவன சிலவற்றை ஈண்டு எடுத்துரைப்பாம்.

மதிப்பெண் என்பது ஓர் அளவை. நெல்லை மரக்காலால் அளப்பர். துணியை முழக்கோலால் அளப்பர். பொன்னைத் துலாக்கோலால் நிறுப்பர். மரக்காலிலே துணியைத் திணித்து, “இது குறைவு” என்பார் உலகத்தில் இலர். கல்லூரிப் படிப்புகளோ ஒவ்வொன்றும் தனக்கென வேறுவேறு கோல் வைத்திருக்கின்றன. அவை மதிப்பெண் பட்டியலின் ஒரு பகுதியை மட்டுமே நோக்குவன. இதனை அறியாதார் 600 என்னும் பெருந்தொகையில் எத்துணை குறைந்தது என்று மட்டும் பார்த்து மனம் உடைகின்றனர்.

கூட்டுத்தொகையின்மீது இத்துணை மயக்கம் நம் பக்கத்தில் வேரூன்றியதற்குக் காரணம் உண்டு. 1997-ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாகிய நாமக்கல்லும், அதன்கணுள்ள இராசிபுரம், திருச்செங்கோடு முதலிய ஊர்களும் தங்கிப் பயிலும் தனியார் பள்ளிகளுக்குப் பெயர் பெற்றவை. மாநிலத்தின் பல மூலைகளினின்றும் பெற்றோர் தம் மக்களைக் கொணர்ந்து ஈண்டு விடுத்தனர். 1200 என்னும் பழைய கூட்டுத்தொகையில் முதலிடம் பெற்றாரின் படங்கள் நெடுஞ்சாலை ஓரமெங்கும் பலகைகளில் நின்றன. மதிப்பெண்ணின் பொருட்டுத் தமிழகத் தனியார் பள்ளிகள் பல பதினோராம் வகுப்புப் பாடங்களைக் கைவிட்டு, பன்னிரண்டாம் வகுப்புப் பாடங்களையே ஈராண்டு உருவேற்றும் வழக்கமும் பரவிற்று. இக்கேட்டினைக் கண்ட அரசு, 2017 மே திங்களில் முதலிடம் பெற்றார் பெயர்களை வெளியிடுவதை நிறுத்தியது. 2017-18 கல்வியாண்டில் பதினோராம் வகுப்புக்கும் பொதுத்தேர்வு வகுத்து, கூட்டுத்தொகையையும் 600 ஆக்கியது. அப்பதினோராம் வகுப்புப் பொதுத்தேர்வு 2025-26-இல் நீக்கப்பட்டது. சட்டங்கள் மாறினும், “எத்தனை மார்க்கு?” என்னும் ஊர்ப் பேச்சு மட்டும் மாறவில்லை.

இனி, படிப்புகளின் கோல்கள் எவ்வாறு வேறுபடுகின்றன என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குவாம். கற்பனை மாணவி ஒருத்தியை எண்ணிக்கொள்க. அவள் பெற்றவை தமிழில் 96, ஆங்கிலத்தில் 71, இயற்பியலில் 62, வேதியியலில் 68, கணிதத்தில் 58, உயிரியலில் 85. ஆகக் கூட்டுத்தொகை 440. ஐந்நூற்றை எதிர்பார்த்த வீட்டில் இது துயரந்தரும் எண்ணேயாம்.

பொறியியற் கலந்தாய்வு இவளை நோக்குங்கால் மொழிப் பாடங்களையும் உயிரியலையும் காண்பதில்லை. கணிதத்தை முழுமையாகவும், இயற்பியல் வேதியியல் இரண்டையும் பாதியாகவும் கொண்டு 200-க்குக் கணக்கிடும். அதன்படி இவள் பெறுவது 58, 31, 34, ஆக 123. வேளாண் பல்கலைக்கழகம் கணிதம், இயற்பியல், வேதியியல், உயிரியல் நான்கனையும் பாதியாக்கிக் கூட்டும், அவ்வழி 136.5. கால்நடை மருத்துவத்திற்கு உயிரியல் முழுமையாகவும் ஏனை இரண்டும் பாதியாகவும் கொள்ளப்படுதலின் 150. அரசு கலை அறிவியற் கல்லூரிகளிலோ, மொழியல்லாத நான்கு பாடங்களின் கூட்டுத்தொகையே பெரும்பாலான பட்ட வகுப்புகட்கு அளவை. அஃது 400-க்கு 273. ஆனால் இளங்கலைத் தமிழுக்குத் தமிழ்த்தாள் ஒன்றன் மதிப்பெண்ணே தரவரிசைக்கு அடிப்படை. ஆண்டு இவள் 100-க்கு 96. ஒரே மாணவி, ஒரே பட்டியல், நூற்றுக்கு 61.5 முதல் 96 வரை அளவுகள் ஐந்து! 440 என்னும் தொகையோ இவற்றுள் யாண்டும் நுழையவேயில்லை.

எனினும் எண் உயர்ந்தவிடமெல்லாம் இடம் எளிதிற் கிட்டும் என்று கொள்ளற்க. இடம் தருவது மதிப்பெண் அன்று, தரவரிசையே. கால்நடை மருத்துவத்தில் இடங்கள் சில, விழைவார் பலர்; ஆதலின் அங்கே 150 சிறிதும் போதாது. பொறியியலில் கல்லூரிகள் மிகப் பல ஆதலின் 123 பெற்றார்க்கும் ஏதேனும் ஓரிடம் வாய்க்கும். வாய்ப்பது நல்லிடமா என்பதே ஆராயத்தக்கது. வினாத்தாள் கடினமாயின் எல்லார்க்கும் மதிப்பெண் குறையும். தரவரிசையோ அத்துணை மாறாது. ஆகவே, முந்தைய ஓரிரண்டு ஆண்டுகளில் எந்தக் கல்லூரியில், எந்தப் பிரிவில், எவ்வளவில் இடங்கள் முடிந்தன என்பதைப் பார்த்து மதிப்பிடுதலே தக்க முறை.

அளவை மாறுதலால் ஓருயிர்க்கு நேரும் துன்பத்தைத் தமிழகம் கண்ணெதிரே கண்டதுண்டு. அரியலூர் மாவட்டத்து மாணவி அனிதா பன்னிரண்டாம் வகுப்பில் 1200-க்கு 1176 பெற்றவர். 2017-ஆம் ஆண்டு மருத்துவச் சேர்க்கைக்கு நீட் தேர்வே அளவையாகிவிட, அதில் அவர் பெற்றது 720-க்கு 86. அவ்வாண்டு செப்டம்பர் முதல் நாள் அவர் நம்மை நீத்தார். முன்னை நாளில் எல்லாராலும் போற்றப்பட்ட அறிவு, கோலை மாற்றியதும் மறைந்துபோயிற்றோ? இல்லை என்பதை அறியாதார் யார்? அத்தேர்வைப் பற்றிய வழக்கு ஒருபுறம் நிற்க. தேர்வின் எண்ணைத் தன் மதிப்பாகக் கொள்ளும் எண்ணம் எத்துணைக் கொடிது என்பதையே ஈண்டுக் கூறப்புகுந்தாம். மதிப்பெண் குறைந்த பிள்ளையை முடிவு வெளிவந்த நாட்களில் தனியே விடாதிருத்தலும், சுடுசொல் கூறாதிருத்தலும் பாடம் தெரிதற்கு முன்னே செய்ய வேண்டுவன. மனம் மிகத் தளர்ந்தார் 104 அல்லது 14416 என்னும் எண்ணிற்கு அழைத்துப் பேசலாம்.

மனம் தெளிந்தபின் முதற்செயல், மதிப்பெண் சரியானதா என்று நோக்குதலாம். ஐயமுடையார் விடைத்தாளின் நகலைப் பெற்று, பின்னர் மறுகூட்டலோ மறுமதிப்பீடோ வேண்டலாம்; இதற்குக் குறித்த நாட்கள் சிலவே. ஒரு பாடத்தில் தவறினார்க்கு ஓராண்டு வீணாவதில்லை. துணைத்தேர்வு அடுத்த சில வாரங்களிலேயே நடைபெறும்.

இரண்டாவது, தகுதியையும் விருப்பையும் ஒருங்கே நோக்குதல். இஃது எல்லாவற்றினும் அரியது. எம் எடுத்துக்காட்டு மாணவி தமிழில் 96 பெற்றாள் என்றோம். அதனால் அவள் தமிழ் பயில்க என்று உடனே கூறிவிடலாமோ? கூடாது. வினா விடைகளை உருவேற்றியும் 96 பெறலாம். கல்லூரித் தமிழில் நன்னூலும் காரிகையும் தொல்காப்பியமும் காத்திருக்கின்றன. பாட்டின் சொல்லைப் பிரித்துப் பொருள் காண்பதிற் பொழுது போவதறியாதார்க்கு அவை கரும்பு. “வேறிடம் கிட்டவில்லை” என்று வந்தார்க்கு வேம்பு. தமிழ் வகுப்பில் இருப்பவர்களைப் பிற வகுப்பார் மதிப்பெண்ணில் தோற்றவர் என்று கருதுதல் எம் போல்வார் நாளும் கேட்பதே. தாமே விரும்பி வந்தவரும், தள்ளப்பட்டு வந்தவரும் ஒரே விசிப்பலகையில் அமர்ந்திருப்பினும், முதற்பருவம் முடிவதற்குள் அவ்விருவர்க்கும் உள்ள வேற்றுமை விளங்கிவிடுகின்றது. இவ்வுண்மை கணிதத்திற்கும் வணிகவியலுக்கும் பொறியியலுக்கும் ஒக்கும்.

ஆதலின், சேரக் கருதும் பாடத்தின் முதலாண்டுப் பாடத்திட்டத்தைப் பெற்று, அதிலுள்ள நூலொன்றனைக் கையில் வாங்கி, ஒரு கிழமை படித்துப் பார்க்குமாறு சொல்லுக. பாடத்தின் பெயர் மயக்கும், நூல் மயக்காது. கணிதத்தில் 58 பெற்ற ஒருவர் பொறியியலை விழைவாராயின், அங்கு முதல் இரண்டாண்டுகளும் கணிதம் தொடர்ந்து வரும் என்பதை அறிந்தே விழைதல் வேண்டும்.

மூன்றாவது, நம் நிலத்தின் தொழில்களை நோக்குதல். படிப்பு என்றால் மருத்துவம், பொறியியல் இரண்டுமே என்பார் தம் ஊரைக் கண்திறந்து பார்த்திலர். நாமக்கல் முட்டைக்கும் கோழிப்பண்ணைக்கும், சரக்குந்துகளுக்குக் கூடு கட்டும் பட்டறைகளுக்கும் பெயர் பெற்றது. திருச்செங்கோடு ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகளுக்கு. குமாரபாளையமும் பள்ளிபாளையமும் விசைத்தறிக்கு. ஆத்தூர், இராசிபுரம் பக்கங்கள் மரவள்ளிக்கும் சவ்வரிசி ஆலைக்கும். இவற்றுக்குத் துணையாகும் கல்வியும் அருகிலேயே உண்டு. நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி 1985-இல் தோன்றியது. சேலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் நெசவையே பட்டயமாகவும் பட்டமாகவும் கற்பிக்கின்றது. மரவள்ளி மாவின் இயல்பை ஆராய வேதியியல் வேண்டும். பண்ணைக் கணக்கை நடத்த வணிகவியல் வேண்டும். சுற்றியிருக்கும் தொழிலோடு ஒரு பாடத்தை இணைத்துக் காண்பானுக்கு அப்பாடம் சிறிதாகத் தோன்றாது.

நான்காவது, எக்கதவு திறந்திருக்கும், எக்கதவு அடையும் என்பதை முன்னரே அறிதல். பன்னிரண்டாம் வகுப்பு முடித்தார் பாலிடெக்னிக்கில் நேரே இரண்டாம் ஆண்டிற் சேரலாம்; பட்டயம் பெற்றபின் பொறியியற் பட்ட வகுப்பின் இரண்டாம் ஆண்டிற் புகலாம். செவிலியர் கல்வி, மருந்தாளுமை முதலியன தமிழகத்திற் பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணைக் கொண்டே நிரப்பப்பட்டு வருவன. அரசுப் பணித் தேர்வுகள் பலவற்றிற்கு யாதேனும் ஒரு பட்டம் போதும். தமிழ் வழியிற் பயின்றார்க்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி நூற்றுக்கு 20 இடமும் உண்டு. மாறாக, பள்ளியாசிரியராக விழைவார் கற்பிக்கும் பாடத்திலேயே பட்டம் பெற்றிருத்தல் வேண்டும். கணிதம் பயிலாதார்க்குப் பொறியியலின் பெரும்பாலான கதவுகள் அடைத்தவையே. இவற்றை மறைத்து, “எல்லாம் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம்” என்று தேற்றுதல் நட்பாகாது.

பணத்தைப் பற்றியும் ஒரு சொல். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பது நம்மவர் பழமொழி. கிணற்றடி நிலத்தை அடகு வைத்து நன்கொடை கொடுத்துப் பெயர் பெரிய பாடமொன்றை வாங்குவார் உளர். சேர்க்கைக்கு நன்கொடை வாங்குதலை 1992-ஆம் ஆண்டுத் தமிழகச் சட்டம் தடுக்கின்றது என்பதை அவர்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். அரசுப் பள்ளியிற் பயின்ற மாணவியர்க்குப் புதுமைப் பெண் திட்டமும் (2022), மாணவர்க்குத் தமிழ்ப் புதல்வன் திட்டமும் (2024) திங்கள்தோறும் 1000 உரூபா அளிக்க ஏற்பட்டவை. தொழிற்கல்வி இடங்களில் அரசுப் பள்ளி மாணவர்க்கென 7.5 விழுக்காடு ஒதுக்கீடும் உண்டு. இவற்றையறியாது இடத்தை இழந்தார் பலர்.

கூட்டுத்தொகை ஒருவனை மறைத்தமைக்கு வரலாற்றிற் சான்று தேடி அலையவேண்டுவதில்லை. கும்பகோணத்து இராமானுசன் கணக்கில் ஒப்பற்றவராயிருந்தும், பிற பாடங்களில் தவறியமையால் உதவித்தொகையை இழந்தார். சென்னையில் மீண்டும் பயின்று எழுதிய எப்.ஏ. தேர்விலும் தேறவில்லை. 1912-இல் துறைமுக அலுவலகத்து எழுத்தராக அமர்ந்தார். அவருடைய குறிப்பேடுகளைப் படித்துப் பார்த்தார் சிலர் இருந்தமையால் 1913-இல் சென்னைப் பல்கலைக்கழக ஆராய்ச்சி உதவியும், 1914-இல் கேம்பிரிட்ஜ் செலவும், 1918-இல் இராயல் சங்க உறுப்புரிமையும் வாய்த்தன. மதிப்பெண் குறைந்தாரெல்லாம் இராமானுசர் ஆவர் என்பது எம் கருத்தன்று. பட்டியலைப் பார்த்தவர் கைவிட்டார். பணியைப் பார்த்தவர் கண்டுகொண்டார் என்பதே இதனாற் பெறப்படுவது.

நம் மோகனூரிற் பிறந்த இராமலிங்கம் பிள்ளை அவர்களும் எழுத்தர் வேலை, ஆசிரியர் வேலை, ஓவியத் தொழில் என்று பல படி ஏறியிறங்கியே கவிஞரானார். 1930-இல் வேதாரணிய உப்பு யாத்திரைக்கு வழிநடைப் பாடல் தந்தார். 1949-இல் அரசவைக் கவிஞரானார். இன்று சென்னைத் தலைமைச் செயலகத்தின் பத்து மாடிக் கட்டடம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. முதலில் எடுத்த வழி ஒன்றே வாழ்வை முடித்துவிடுவதில்லை என்பதற்கு இதனினும் அண்மைச் சான்று வேண்டா.

ஆகவே நண்பர்காள், வரும் கோடையில் யாரேனும் பட்டியலொன்றைக் கையிற் கொண்டு நம் வாயிலில் நிற்பராயின், முதலில் பிள்ளையை அமரச் செய்து அதன் வாய்ச்சொல்லைக் கேட்பாம். அதன்பின் பட்டியலைக் கூட்டாமல் பிரித்துப் பார்ப்பாம். எந்தப் பாடத்தின் கோலுக்கு அப்பிள்ளை எவ்வளவு, அப்பாடத்தோடு நாள்தோறும் வாழ அதற்கு விருப்பம் எவ்வளவு, வீட்டுக்கு இயல்வது எவ்வளவு என்னும் மூன்றனையும் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பாம். தெரிவு அப்பிள்ளையினுடையதாகவே இருக்கட்டும். கல்லூரியில் முன் நுழைந்தவர்க்குப் பின் வருவார் மாட்டு உள்ள கடன் இத்துணையே. இதனைச் செய்வதற்குப் பெரும்புலமை வேண்டுவதில்லை, ஒரு மாலைப்பொழுது போதும்.