நோயெதிர்ப்பாற்றல் குன்றியோரிடம் மறைநிலை ஹெபடைடிஸ் பி தொற்று: ஒரு விளக்கம்

ஆய்வுச்சுருக்கம்

இரத்தத்தில் ஹெபடைடிஸ் பி வைரஸின் மேற்பரப்பு ஆன்டிஜென் காணப்படாத நிலையிலும், கல்லீரல் செல்களுக்குள் அவ்வைரஸின் மரபுப்பொருள் தங்கியிருப்பது மறைநிலைத் தொற்று எனப்படும். உடல்நலமுடையோருக்கு இதனால் பெரும்பாலும் உடனடித் தீங்கில்லை. புற்றுநோய் மருத்துவம், உறுப்பு மாற்றம், எச்.ஐ.வி. தொற்று முதலியவற்றால் நோயெதிர்ப்பாற்றல் குன்றும்போது அத்தொற்று மீண்டெழுந்து உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். வைரஸ் மறைந்திருக்கும் முறையையும், அது மீண்டெழும் சூழல்களையும், அதனை முன்னரே தடுக்கும் வழியையும் இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: ஹெபடைடிஸ் பி, மறைநிலைத் தொற்று, மேற்பரப்பு ஆன்டிஜென், நோயெதிர்ப்பாற்றல், மீளெழுச்சி.

முன்னுரை

தமிழ்ப் பேச்சுவழக்கில் கல்லீரல் நோயைக் குறிக்கும் முதற்சொல் 'மஞ்சள் காமாலை' என்பதாகும். கண்ணும் சிறுநீரும் மஞ்சளாதல் நோயன்று. நோயின் அறிகுறி மட்டுமே. அவ்வறிகுறியே நோயின் பெயராக நிலைத்துவிட்டமையால், அறிகுறி நீங்கினால் நோயும் நீங்கிற்று என்னும் கருத்து இயல்பாக வேரூன்றியுள்ளது. ஹெபடைடிஸ் பி தொற்றைப் பொறுத்தவரை இக்கருத்து பிழையானது. உலக நலவாழ்வு நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் ஏறத்தாழ 25.4 கோடி பேர் நாட்பட்ட ஹெபடைடிஸ் பி தொற்றுடன் வாழ்ந்தனர். அவ்வாண்டில் 11 இலட்சம் பேர் அதனால் இறந்தனர். இக்கணக்கு மேற்பரப்பு ஆன்டிஜென் காணப்படுவோரை அடிப்படையாகக் கொண்டது. அவ்வடையாளம் மறைந்த பின்னும் வைரஸைச் சுமப்போர் இதற்குள் அடங்கார்.

பரிசோதனைகள் உணர்த்தும் பொருள்

ஹெபடைடிஸ் பி தொற்றை அறிய முதன்மையாக நான்கு இரத்தப் பரிசோதனைகள் உள்ளன. முதலாவது மேற்பரப்பு ஆன்டிஜென் பரிசோதனை. வைரஸின் புறவுறையிலுள்ள புரதத்தை இது கண்டறிகிறது. இரண்டாவது, அப்புரதத்திற்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளுக்கான பரிசோதனை. தடுப்பூசி பெற்றோரிடமும் தொற்றிலிருந்து மீண்டோரிடமும் இது காணப்படும். மூன்றாவது, வைரஸின் உள்ளகப் புரதத்திற்கு எதிரான எதிர்ப்பொருள் பரிசோதனை. தடுப்பூசியில் உள்ளகப் புரதம் இல்லாமையால், இந்த எதிர்ப்பொருள் பொதுவாக இயற்கைத் தொற்று நேர்ந்தமைக்கே சான்றாகும். நான்காவது, வைரஸின் டி.என்.ஏ. அளவை நேரடியாக அளக்கும் பரிசோதனை.

வழக்கமான மருத்துவமனைப் பரிசோதனை பெரும்பாலும் முதலாவதோடு நின்றுவிடுகிறது. அதன் முடிவு 'நெகட்டிவ்' என வந்தால், நோயாளியும் சில வேளைகளில் மருத்துவரும் அதனை 'வைரஸ் இல்லை' என்று வாசிக்கின்றனர். அம்முடிவு கூறுவதோ, 'அளக்கத்தக்க மேற்பரப்புப் புரதம் இரத்தத்தில் இல்லை' என்பது மட்டுமே.

வைரஸ் மறைந்திருக்கும் முறை

ஹெபடைடிஸ் பி வைரஸின் மரபுத்தொகுதி ஏறத்தாழ 3,200 இணைக்காரங்களைக் கொண்ட மிகச் சிறிய டி.என்.ஏ. ஆகும். அது கல்லீரல் செல்லின் உட்கருவை அடைந்ததும் இரு முனைகளும் இணைந்த மூடிய வட்ட வடிவத்தைப் பெறுகிறது. புதிய வைரஸ்கள் உருவாவதற்கு இதுவே மூலப்படி. உடலின் டி செல்கள் தொற்றுற்ற செல்களை அழித்தும் அடக்கியும் வைரஸைக் கட்டுப்படுத்துகின்றன. எனினும் உட்கருவிலுள்ள மூலப்படி முற்றிலும் அழிவதில்லை. வைரஸ் அழிக்கப்படுவதில்லை, அடக்கி வைக்கப்படுகிறது.

இதற்கு வலுவான சான்று உறுப்பு மாற்றத்திலிருந்து கிடைக்கிறது. மேற்பரப்பு ஆன்டிஜென் இல்லாத, ஆனால் உள்ளக எதிர்ப்பொருள் உள்ள கொடையாளரின் கல்லீரலைப் பெற்றவர்களுக்குத் தடுப்பு மருந்து தரப்படாதபோது ஹெபடைடிஸ் பி தொற்றுவது பலமுறை பதிவாகியுள்ளது. கொடையாளரின் இரத்தத்தில் காணப்படாத வைரஸ் அவர் கல்லீரலில் இருந்ததை இது மெய்ப்பிக்கிறது.

2008இல் இத்தாலியின் தாவோர்மினா நகரில் நடந்த வல்லுநர் கூட்டத்தின் முடிவுகள் மறைநிலைத் தொற்றுக்கு வரையறை அளித்தன. அத்தகையோரின் இரத்தத்தில் டி.என்.ஏ. அளவு பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டருக்கு 200 சர்வதேச அலகிற்கும் குறைவாகவே இருக்கும். சில நாள்களில் அதுவும் தென்படாது. பெரும்பாலோரிடம் உள்ளக எதிர்ப்பொருளேனும் காணப்படும். சிறுபகுதியினரிடம் எந்த எதிர்ப்பொருளும் இராது. மேற்பரப்புப் புரதத்தில் நேரும் மரபுப்பிறழ்வால் பரிசோதனைக்கு அகப்படாமற் போகும் வைரஸ் வகைகளும் உள்ளன.

ஆன்டிஜென் மறைதலும் நோய் நீங்கலும்

இவ்வேறுபாட்டை உணரத் தமிழகத்தோடு தொடர்புடைய ஓர் ஆய்வு துணைசெய்கிறது. மேற்பரப்பு ஆன்டிஜெனைக் கண்டறிந்து 1976இல் நோபல் பரிசு பெற்ற பரூக் புளூம்பெர்க், சென்னை ஆய்வாளர் தியாகராஜன் குழுவினருடன் இணைந்து கீழாநெல்லியின் விளைவை ஆராய்ந்தார். 1988இல் 'லான்செட்' இதழில் வெளியான அவ்வாய்வில், கீழாநெல்லி பெற்ற 37 பேரில் 22 பேரிடம் மேற்பரப்பு ஆன்டிஜென் மறைந்தது. போலிமருந்து பெற்ற 23 பேரில் ஒருவரிடம் மட்டுமே மறைந்தது. பிற நாடுகளில் நிகழ்ந்த பிந்தைய ஆய்வுகள் இம்முடிவை உறுதிசெய்யவில்லை. அவை உறுதிசெய்திருப்பினும் ஒரு வினா எஞ்சியிருக்கும்: இரத்தத்தில் ஆன்டிஜென் மறைந்தமை, கல்லீரலில் மூலப்படி மறைந்தமைக்குச் சான்றாகுமா? மறைநிலைத் தொற்று பற்றிய இன்றைய அறிவு 'ஆகாது' என்றே விடையளிக்கிறது. எம்மருந்தால் ஆன்டிஜென் மறையினும் இவ்விடை பொருந்தும்.

காவல் தளரும் சூழல்கள்

அடக்கி வைத்த ஆற்றல் குறையும்போது அடங்கியிருந்த வைரஸ் மீண்டும் பெருகுகிறது. இதில் முதன்மையாகக் கருதத்தக்கது பி செல்களை அழிக்கும் ரிட்டுக்சிமாப் என்னும் மருந்து. லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோய்க்கும் முடக்குவாதம் போன்ற தன்னெதிர்ப்பு நோய்களுக்கும் இது பயன்படுகிறது. அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2013இல், ஹெபடைடிஸ் பி மீளெழுச்சி குறித்த கட்டமிட்ட எச்சரிக்கையை இம்மருந்தின் விவரத்தாளில் இடம்பெறச் செய்தது. உள்ளக எதிர்ப்பொருள் மட்டுமே உள்ளவர்களும் இவ்வெச்சரிக்கைக்குள் அடங்குவர். ஸ்டீராய்டு மருந்துகள் இருவழியில் தீங்கு செய்கின்றன: நோயெதிர்ப்பை அடக்குவதோடு, வைரஸ் மரபுத்தொகுதியிலேயே அமைந்துள்ள ஸ்டீராய்டு உணர் பகுதியைத் தூண்டி அதன் பெருக்கத்தையும் மிகுவிக்கின்றன.

மீளெழுச்சியின் கால ஒழுங்கு கருதத்தக்கது. மருத்துவம் நிகழும்போது வைரஸ் ஓசையின்றிப் பெருகும். அப்போது கல்லீரல் நொதிகள் இயல்பாகவே இருக்கலாம். மருந்து முடிந்து நோயெதிர்ப்பு மீளும்போது, திரும்பி வந்த டி செல்கள் தொற்றுற்ற கல்லீரல் செல்களைப் பெருமளவில் தாக்குகின்றன. காமாலை அப்போதுதான் தோன்றுகிறது. புற்றுநோய் தீர்ந்தது என்று வீடு திரும்பியவர் சில மாதங்கள் கழித்துக் கல்லீரல் செயலிழப்பால் இறக்க நேர்வதன் காரணம் இதுவே. இது மருந்தின் நச்சுவிளைவாகத் தவறாகக் கருதப்படுவதும் உண்டு.

எச்.ஐ.வி. தொற்றுடையோர்

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி ஆகிய இரண்டும் இரத்தம், பாலுறவு, தாய்-சேய் வழிகளில் பரவுவன. ஆதலின் இரண்டும் ஒருவரிடமே அமைவது அரிதன்று. இன்று இந்தியாவில் பரவலாக வழங்கப்படும் கூட்டுமருந்திலுள்ள டெனோஃபோவிர், லாமிவுடின் ஆகிய இரண்டும் ஹெபடைடிஸ் பி வைரஸையும் அடக்குவன. எனவே, அறியப்படாத மறைநிலைத் தொற்றும் அறியாமலே கட்டுக்குள் இருக்கிறது. சிறுநீரகப் பாதிப்பு முதலிய காரணங்களால் டெனோஃபோவிரை நீக்கும்போதோ, நோயாளி தாமே மருந்தை நிறுத்தும்போதோ அக்கட்டு அறுகிறது. மருந்து மாற்றத்திற்கு முன் ஹெபடைடிஸ் பி நிலையை முழுமையாக அறிதல் இதனால் இன்றியமையாததாகிறது.

தடுக்கும் வழி

மீளெழுச்சி நேர்ந்தபின் மருத்துவம் தருவதினும் முன்னரே தடுப்பது எளிது. நோயெதிர்ப்பை அடக்கும் மருத்துவத்தைத் தொடங்குமுன் மேற்பரப்பு ஆன்டிஜென், அதன் எதிர்ப்பொருள், உள்ளக எதிர்ப்பொருள் ஆகிய மூன்றையும் ஒருசேரப் பரிசோதித்தல் வேண்டும். உள்ளக எதிர்ப்பொருள் காணப்பட்டால் டி.என்.ஏ. அளவை அறிதல் வேண்டும். உள்ளக எதிர்ப்பொருள் உள்ள அனைவரும் மறைநிலைத் தொற்றுடையோர் அல்லர். எனினும் மீளெழுச்சி இடருக்கு அதுவே எளிதில் கிடைக்கும் அடையாளம். ரிட்டுக்சிமாப் போன்ற உயர்இடர் மருந்து பெறுவோருக்கு என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர் மருந்தைத் தொடக்கத்திலேயே அளித்து, மருத்துவம் முடிந்தபின்னும் குறைந்தது 12 மாதங்கள் தொடர்வது பன்னாட்டு வழிகாட்டுதல்களின் பரிந்துரை. இடர் குறைந்தோரிடம் சில மாதங்களுக்கு ஒருமுறை கண்காணித்தல் போதுமானதாகலாம். எந்த எதிர்ப்பொருளும் இல்லாதோருக்குத் தடுப்பூசி அளித்தல் வேண்டும்.

முடிவுரை

ஹெபடைடிஸ் பி தொற்றில் 'குணமடைதல்' என்னும் சொல் பல வேளைகளில் 'கட்டுக்குள் இருத்தல்' என்னும் பொருளையே தருகிறது. கட்டும் காவல் நோயெதிர்ப்பாற்றல்; அக்காவலை மருத்துவமே தளர்த்தும் இக்காலத்தில், மேற்பரப்பு ஆன்டிஜென் பரிசோதனை ஒன்றை மட்டும் நம்புதல் போதாது. உள்ளக எதிர்ப்பொருளுக்கான ஒரு பரிசோதனையும் சில மாத்திரைகளும் தடுக்கத்தக்க மரணங்களைத் தடுக்கின்றன. 'மறைநிலைத் தொற்று' என்னும் கலைச்சொல்லைப் பாடநூல்களிலும் நோயாளிகளுக்கான விளக்கங்களிலும் வழங்கச் செய்தல், காமாலை என்னும் ஒரே சொல்லுக்குள் அடங்காத இவ்வுண்மையைத் தமிழில் பேசுவதற்குரிய முதற்படியாகும்.