வலிக்காத கறுப்புப் பொட்டு

ஐப்பசி அடைமழை ஓய்ந்து கார்த்திகை பிறந்ததும் மயிலாப்பூர், தி. நகர், அடையாறு பக்கத்து கிளினிக்குகளில் காய்ச்சல்காரர்களின் வரிசை நீளும். மூன்று நாளாகியும் காய்ச்சல் இறங்கவில்லை என்று வருகிறவர் உட்கார்ந்ததுமே கேட்பது, "டெங்குவா டாக்டர்?" என்றுதான். ரத்தம் எடுக்கிறார்கள். டெங்கு நெகட்டிவ், மலேரியா நெகட்டிவ். பிளேட்லெட் மட்டும் குறைந்திருக்கிறது, கல்லீரல் என்சைம்கள் சற்று ஏறியிருக்கின்றன. "வைரல் ஃபீவராத்தான் இருக்கும், ரெண்டு நாள் பார்க்கலாம்" என்று பாரசிட்டமால் எழுதி அனுப்பிவிட்டால், அந்த ரெண்டு நாளில் ஒரு நோய் கைநழுவிப் போகலாம்.

ஸ்க்ரப் டைஃபஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் இதைச் செய்தித்தாள்கள் உண்ணிக் காய்ச்சல் என்று எழுதுகின்றன. அந்தப் பெயரே பலரைக் குழப்பிவிடுகிறது. உண்ணி என்றால் நாயின் காது மடலில் உப்பித் தொங்குமே, அதுதான் நம் நினைவுக்கு வரும். "எங்க வீட்டுல நாயே இல்லையே" என்பார்கள். இந்தக் காய்ச்சலுக்கு நாய் தேவையில்லை. பரப்புவது உண்ணிக்கு உறவுமுறையான ஒரு சிறு பூச்சியின் குஞ்சு. அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. புல்லிலும் புதரிலும் ஏறிக் காத்திருந்து, வழக்கமாக எலி மீதும் பெருச்சாளி மீதும் தொற்றும். நாம் குறுக்கே போனால் நம் மீது ஏறும். கடித்தது தெரியாது. அந்தக் கடி வழியாக ஓரியன்ஷியா சுட்சுகாமுஷி என்ற பாக்டீரியா உள்ளே போய், 6 முதல் 21 நாட்களுக்குள் காய்ச்சலாக வெளிப்படும்.

நாய் உண்ணியால் மனிதருக்கு வரும் காய்ச்சலும் உண்டு. இந்திய டிக் டைஃபஸ் என்று பெயர். உள்ளங்கை, உள்ளங்கால் வரை செந்தடிப்பு பரவும். காட்டு உண்ணி பரப்பும் கியாசனூர் காட்டு நோயோ வைரஸ் வகை. 1957-ல் கர்நாடகத்தின் ஷிமோகா பகுதியில் குரங்குகள் செத்து விழுந்தபோது கண்டறியப்பட்டது. சென்னைவாசி அதிகம் அஞ்ச வேண்டியது ஸ்க்ரப் டைஃபஸுக்குத்தான்.

அதைக் கண்டுபிடிக்க இருப்பதிலேயே மலிவான சோதனைக்கு ஊசியும் வேண்டாம், லேபும் வேண்டாம். நோயாளியின் உடம்பைத் தலை முதல் கால் வரை நல்ல வெளிச்சத்தில் பார்த்தால் போதும். பூச்சி கடித்த இடத்தில் சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு புண் இருக்கும். நடுவில் கறுத்துக் காய்ந்த பொருக்கு, சுற்றிலும் மெல்லிய சிவப்பு வளையம். பெரும்பாலும் ஒரு சாந்துப் பொட்டளவுதான். வலிக்காது, பெரும்பாலும் அரிக்காது. அதனால் உடம்புக்குச் சொந்தக்காரருக்கே தெரியாது. அது இருக்கும் இடங்களும் அப்படி: அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, பாவாடை நாடா இறுக்கும் இடுப்பு, காதுக்குப் பின்புறம், குழந்தையின் தலைமுடிக்குள். வியர்வை தங்கும் மடிப்பில் கறுப்பாகக்கூட இராது. மேல்தோல் உரிந்த வெளிறிய புண்ணாகவே தெரியும். பக்கத்தில் நெறி கட்டியிருந்தால் அங்கே இன்னும் கூர்ந்து பார்க்க வேண்டும்.

நெரிசலான கிளினிக்கில் ஒருவருக்கு ஐந்து நிமிடம் கிடைத்தாலே பெரிது. அதில் ஒரு பெண்ணிடம் ஜாக்கெட்டைத் தளர்த்தச் சொல்ல மருத்துவருக்குத் தயக்கம், காட்ட அவருக்குக் கூச்சம். அந்தக் கூச்சத்துக்கு ஓர் உயிரை விலையாகக் கொடுக்கக் கூடாது. ஒரு நர்ஸ் பார்க்கலாம். வீட்டில் அம்மாவோ அக்காவோ பார்த்துவிட்டு வந்து சொல்லலாம். எல்லோருக்கும் இந்தப் புண் இருக்காது என்பதும் உண்மை. இல்லையென்றால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

ரத்தப் பரிசோதனையை நம்புவதற்கும் நாள் கணக்கு தெரிய வேண்டும். வெயில்–ஃபெலிக்ஸ் பரிசோதனை 1916-ல் வந்தது. செலவு குறைவு, ஆனால் பலரைத் தவறவிடும். இன்று பரவலாகச் செய்யப்படுவது ஐஜிஎம் எலைசா. அது தேடுவது கிருமியை அல்ல, கிருமிக்கு எதிராக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளை. அது சேர ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். மூன்றாம் நாள் நெகட்டிவ் வந்தால் நிம்மதி கொள்ள அதில் ஒன்றுமில்லை. முதல் வாரத்தில் பிசிஆர் கைகொடுக்கும். அந்தப் பொருக்கிலிருந்தே மாதிரி எடுக்கலாம்.

சந்தேகம் வலுத்தால் முடிவுக்குக் காத்திராமல் மருத்துவர் டாக்ஸிசைக்ளின் தொடங்கிவிட வேண்டும் என்பதுதான் நடைமுறை. கர்ப்பிணிகளுக்கு அசித்ரோமைசின். இந்தக் கிருமி செல்லுக்குள் ஒளிந்து வாழ்வதால், வழக்கமாகக் கொடுக்கும் அமாக்ஸிசிலினோ செஃப்ட்ரியாக்ஸோனோ அதை ஒன்றும் செய்யாது. பெரிய ஆன்டிபயாடிக் ஏறுகிறதே என்று குடும்பம் நம்பிக்கொண்டிருக்கும். கிருமி நுரையீரலுக்கும் மூளை உறைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்க்கொண்டிருக்கும்.

இது நமக்குப் புதிதல்ல. 2001 அக்டோபருக்கும் 2002 பிப்ரவரிக்கும் இடையே வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் குளிர்மாதங்களில் இந்நோய் பரவியதைப் பதிவுசெய்தார்கள். அதே சிஎம்சியின் தலைமையில் 7 இந்திய மருத்துவமனைகளில் சுமார் 800 தீவிர நோயாளிகளிடம் நடந்த ஆய்வு 2023-ல் வெளியானது. டாக்ஸிசைக்ளின், அசித்ரோமைசின் இரண்டையும் சேர்த்து நரம்பில் ஏற்றியவர்களில் 33 சதவீதம் பேருக்கு மரணமோ, நீடித்த சிக்கலோ, விடாத காய்ச்சலோ நேர்ந்தது; ஒரே மருந்து பெற்றவர்களில் இது 47, 48 சதவீதம். கிராமத்து வியாதி என்று ஒதுக்கவும் முடியாது. தேனாம்பேட்டை டிஎம்எஸ் வளாகத்தில் இருக்கும் பொது சுகாதாரத் துறை இயக்குநரகம் 2024-25 பருவமழைக் காலத்தை ஒட்டி விடுத்த எச்சரிக்கையில் சென்னையும் இருந்தது.

ஆகவே "ஊருக்குப் போனீங்களா?" என்பதோடு மருத்துவர் நிறுத்தக் கூடாது. பக்கத்துக் காலிமனையில் புதர் மண்டியிருக்கிறதா, வீட்டைச் சுற்றி எலி அதிகமா, பூங்காப் புல்லில் உட்கார்ந்தாரா என்றும் கேட்க வேண்டும்.

மருந்து தொடங்கியபின் வீட்டில் ஒரு நோட்டும் தெர்மாமீட்டரும் போதும். பெரும்பாலோருக்கு 48 மணி நேரத்துக்குள் காய்ச்சல் இறங்கும். இறங்காவிட்டால் நோயே வேறாக இருக்கலாம், கூடவே இன்னொன்றும் இருக்கலாம். மறுபடி போய்க் காட்ட வேண்டும். மூச்சு வாங்கினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, பேச்சு குழறினாலோ 48 மணி நேரம் பார்க்கக் கூடாது. அப்போதே பெரிய மருத்துவமனை. குணமானதை உறுதிசெய்ய ஐஜிஎம் திரும்ப எடுத்து அலைய வேண்டாம். அது மாதக்கணக்கில் பாசிட்டிவாகவே நிற்கும். பார்க்க வேண்டியது பிளேட்லெட், கிரியேட்டினின், கல்லீரல் அளவுகள் சரியாகின்றனவா என்பதைத்தான். அந்தக் கறுப்புப் பொருக்கு அதன்பாட்டுக்குக் காய்ந்து உதிரும். கிள்ளாமல் விட்டால் போதும்.