அணிலுக்கு விருந்து வைக்க ஆசையா? மரம் வையுங்கள்

சிங்கப்பூரில் அணிலைப் பார்க்கக் காட்டுக்குப் போக வேண்டியதில்லை. வீவக புளோக்குகளுக்கு இடையே நிற்கும் மரங்கள், பள்ளித் திடல்கள், தரைவீடுகளின் பின்புறத் தோட்டங்கள் என எங்கும் அது ஓடித் திரிகிறது. பார்த்தவுடன் கையில் இருப்பதில் கொஞ்சம் கிள்ளிப் போடலாமே என்று பலருக்கும் தோன்றும். ரொட்டித் துண்டோ, வேர்க்கடலையோ, பிஸ்கட்டோ, ஏதோ ஒன்று.

எங்கள் வீட்டில் அந்த ஆசை அதிகம் உள்ளவர் பாட்டி. தஞ்சாவூர்ப் பக்கம் வளர்ந்தவர். “முற்றத்தில் காயும் நெல்லை அணில் கொறித்தால்கூட எங்கள் வீட்டில் விரட்டமாட்டார்கள்,” என்பார். ஈசூனில் எங்கள் புளோக்குக்குப் பக்கத்தில் ஒரு மாமரம் இருக்கிறது. அதில் வரும் அணில்களைப் பார்த்துவிட்டு ஒருநாள் என்னிடம் கேட்டார்: “கண்ணு, இந்த ஊர் அணிலுக்கு என்ன கொடுத்தா உடம்புக்கு ஒத்துக்கும்? படிச்சுப் பார்த்துச் சொல்லேன்.”

பலதுறைத் தொழிற்கல்லூரியில் உயிரியல் சார்ந்த பாடம் படிக்கும் எனக்கு அது நல்ல கேள்வியாகவே பட்டது. தேடிப் படித்தேன். கிடைத்த விடையை நாங்கள் இருவருமே எதிர்பார்க்கவில்லை.

அந்த அணில் வேறு, இந்த அணில் வேறு

தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் காணப்படும் அணிலுக்கு முதுகில் மூன்று கோடுகள். இராமர் தடவிக் கொடுத்த கதையைத் தமிழ் வகுப்பில் கேட்காதவர் குறைவு. நம் பேட்டைகளில் பரவலாகத் தென்படும் அணிலின் முதுகில் கோடே இல்லை. முதுகு பழுப்பாகவும், வயிறு செம்பழுப்பாகவும், விலாவில் வெள்ளையும் கறுப்புமான பட்டையோடும் இருக்கும். ஆங்கிலத்தில் இதற்குப் ‘பிளான்டேன் ஸ்குவிரல்’ என்று பெயர். உடல் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். வாலும் கிட்டத்தட்ட அதே அளவு.

இதைப் போலவே தோன்றும் இன்னொரு விலங்கும் இங்கு உண்டு. கூர்மையான மூக்கும் சிறிய மீசையும் கொண்ட அது அணிலே அல்ல; மர மூஞ்சூறு. மலாய்மொழியில் அணிலைக் குறிக்கும் ‘துப்பாய்’ என்ற சொல்லிலிருந்துதான் அறிவியலாளர்கள் அந்த மூஞ்சூறுக்குத் ‘துபாயா’ என்று பெயரிட்டார்கள்.

இணையத்தில் ‘அணிலுக்கு ஆரோக்கிய உணவு’ என்று தேடினால் வரும் பட்டியல்களில் பல வட அமெரிக்காவையும் ஐரோப்பாவையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. ஓக் மரக் கொட்டை, வால்நட், ஹேசல்நட் என்று நீளும். அங்குள்ள சாம்பல் நிற அணில் பனிக்காலத்துக்காகக் கொட்டைகளை மண்ணில் புதைத்துச் சேமிக்கும். நமக்குப் பனிக்காலமே இல்லை. அந்தப் பட்டியலை அப்படியே இங்கு கொண்டுவருவதில் பொருளில்லை.

அது தானாகத் தேடித் தின்பது

நம் ஊர் அணில் பழம் மட்டும் தின்பதில்லை. விதை, பூ, இளந்தளிர், மரப்பட்டை, எறும்பு, பூச்சி என்று கலந்து தின்கிறது. முற்றிய தேங்காயில்கூடத் துளை போட்டுவிடும். மலேசியாவில் கொக்கோ, தென்னை பயிரிடுவோர் இதைப் பயிரைக் கெடுக்கும் விலங்காகப் பார்ப்பதற்குக் காரணம் இந்தத் திறமைதான்.

அதன் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். கடினமானதைக் கொறித்தால்தான் அவை தேயும். மென்மையான ரொட்டியால் வயிறு நிரம்பும், பல் தேயாது.

மேலும், இங்கு ஏதாவது ஒரு மரம் எப்போதும் காய்த்துக்கொண்டிருக்கிறது. அத்தி, ஆல், அரசு ஆகியவை அடங்கிய ‘ஃபைக்கஸ்’ இன மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. ஒன்று முடிந்தால் இன்னொன்று தொடங்கும். ஆகவே, நாம் போடாவிட்டால் அணில் பட்டினி கிடக்கும் என்ற கவலை தேவையில்லை.

வேர்க்கடலையில் என்ன குறை?

அணில் என்றதும் பலருக்கு நினைவுக்கு வருவது வேர்க்கடலை. அதில் கொழுப்பும் புரதமும் உண்டு. குறை வேறு இடத்தில் இருக்கிறது. எலும்பு உறுதியாக இருக்கக் கால்சியமும் பாஸ்பரசும் சரியான அளவில் சேர வேண்டும். பாஸ்பரஸ் மிகுந்து கால்சியம் குறைந்தால் உடல் தன் எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும்.

100 கிராம் வேர்க்கடலையில் கால்சியம் ஏறத்தாழ 90 மில்லிகிராம். பாஸ்பரஸ் அதைப்போல நான்கு மடங்கு. சூரியகாந்தி விதையில் எட்டு மடங்குக்கும் மேல். கடைகளில் கிடைக்கும் அத்திப்பழத்தில் இது தலைகீழ். 100 கிராமில் கால்சியம் சுமார் 35 மில்லிகிராம்; பாஸ்பரஸ் அதில் பாதியைவிடக் குறைவு.

கூண்டில் வளர்க்கப்பட்டு, கடலையும் விதையுமே தின்று வாழும் அணில்களுக்கு எலும்பு மெலிந்து எளிதில் முறியும் நோய் வருவதைக் கால்நடை மருத்துவர்கள் அறிவார்கள். நம் ஊர் ஈரக்காற்றில் கடலை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும் என்பது இன்னோர் ஆபத்து. அந்தப் பூஞ்சை கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சை உண்டாக்கக்கூடியது. முறுக்கு, சிப்ஸ், பிஸ்கட் ஆகியவற்றில் உப்பும் சர்க்கரையும் எண்ணெயும் அதிகம். சாக்லெட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். அதிலுள்ள தியோபுரோமின் பல விலங்குகளுக்கு நஞ்சு.

சட்டம் சொல்வது

“அப்போ அத்திப்பழம் வாங்கி வைக்கலாமா?” என்று பாட்டி உடனே கேட்டார். அதற்கும் ‘முடியாது’ என்றே நான் சொல்ல வேண்டியிருந்தது.

2020 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியின்றி வனவிலங்குகளுக்கு உணவளிப்பது பூங்காக்களில் மட்டுமன்றித் தீவு முழுவதும் குற்றம். முதன்முறை பிடிபட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம். மீண்டும் செய்தால் 10,000 வெள்ளி வரை. அணிலுக்கும் இது பொருந்தும்.

“ஒரு வாய்ச் சோறு போடுறது குத்தமா? வாயில்லா ஜீவனுக்குப் போடறது புண்ணியம்னுதானே எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க!” பாட்டியின் குரலில் கோபத்தைவிட வருத்தமே அதிகம். எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. அவரது அன்பில் குறையில்லை. ஆனால், நாம் போட்டதற்குப் பிறகு நடப்பதையும் பார்க்க வேண்டும்.

கையிலிருந்து தின்று பழகிய அணிலுக்கு மனிதரிடம் பயம் போய்விடும். உணவு தேடி வீட்டுக்குள் வரும், சாலையைக் கடக்கும், பிள்ளைகளின் விரலைக் கடிக்கும். மிச்சத்தைத் தேடி எலியும் புறாவும் சேரும். காட்டோரப் பேட்டைகளில் குரங்கும் வரும். பிறகு புகார் எழும். உணவு போட்டவர் வீட்டுக்குள் போய்விடுவார். விலை கொடுப்பது அந்த விலங்குதான். இதைச் சொன்னபோது பாட்டி சிறிது நேரம் பேசவில்லை.

அப்படியென்றால் என்ன செய்யலாம்?

சட்டம் தடுப்பது விலங்குக்கு உணவு வைப்பதைத்தான். மரம் செடி வளர்ப்பதை அல்ல. தரைவீட்டில் இருப்போர் தோட்டத்தில் ரம்புத்தான், கொய்யா, ஜம்பு போன்றவற்றை வளர்க்கலாம். பழத்தை அணில் தானே ஏறித் தேட வேண்டும், கொறிக்க வேண்டும், எறும்பையும் பூச்சியையும் அதே கிளையில் பிடிக்க வேண்டும். பாட்டி கேட்ட ஆரோக்கிய உணவு அதுதான்.

வீவக புல்வெளியில் நாமாக மரம் நட முடியாது. ஆனால், சமூகத் தோட்டங்கள் இருக்கின்றன. தேசியப் பூங்காக் கழகம் 2005ல் தொடங்கிய ‘கம்யூனிட்டி இன் புளூம்’ திட்டத்தின்கீழ் பல பேட்டைகளில் அவை இயங்குகின்றன. 2020ல் தொடங்கிய ‘ஒன் மில்லியன் டிரீஸ்’ இயக்கத்தில் மரம் நடவும் பொதுமக்களுக்கு வாய்ப்புண்டு. பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றங்களில் இருக்கும் மாணவர்கள் இதை ஆசிரியரிடம் கேட்டுப் பார்க்கலாம்.

மனத்தில் கொள்ள வேண்டியவை:

• சாப்பிட்டு மிஞ்சியதைத் திறந்த தொட்டியிலோ நடைபாதையிலோ விட்டுச் செல்லாதீர்கள். அதுவும் அணிலின் வாய்க்குப் போகும்.

• தோட்டத்தில் பூச்சிமருந்தைக் குறையுங்கள். பூச்சியும் அணிலின் உணவு.

• மரத்திலிருந்து விழுந்த குட்டியைக் கண்டால் பசும்பால் ஊட்டாதீர்கள்; வயிற்றுப்போக்கு வரும். தேசியப் பூங்காக் கழகத்தையோ ‘ஏக்கர்ஸ்’ விலங்கு மீட்பு அமைப்பையோ அழையுங்கள்.

• அருகில் வந்தால் அசையாமல் நின்று பாருங்கள். காலையிலும் மாலையிலும் அது அதிகம் நடமாடும். எந்த மரத்தில் எதைத் தின்கிறது என்று ஒரு வாரம் குறித்து வையுங்கள். பள்ளித் திட்டப்பணிக்கு நல்ல தலைப்பு கிடைக்கும்.

அணிலுக்கு நம் கையிலிருந்து ஒன்றும் வேண்டியதில்லை. அதற்கு வேண்டியது ஏறுவதற்கு ஒரு மரம்; அந்த மரத்தில் ஒரு பழம். அதை நம்மால் கொடுக்க முடியும்.