தனிநிலையும் தொடர்நிலையும்: அதிமானுட நாயகர் திரைப்படங்கள் பற்றிய சில குறிப்புகள்

வெகுசனக் கலைகளை ஆய்வுக்குரிய பொருளாக ஏற்பதற்கு நமது கல்வியுலகு பெரிதும் தயங்கியே வந்துள்ளது. அமெரிக்கச் சித்திரக்கதைகளின் வழித்தோன்றல்களான அதிமானுட நாயகர் திரைப்படங்கள், சிறுவர்க்குரிய பொழுதுபோக்கு என்ற அளவிலேயே ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. நாம் ஒதுக்குவதால் அவற்றின் செல்வாக்குக் குறைந்துவிடப் போவதில்லை. இப்படங்களைக் குறித்து இரசிகரிடையே நெடுநாளாக நிலவிவரும் விவாதமொன்றுண்டு. ஒவ்வொரு படமும் தன்னளவிலே தொடங்கித் தன்னளவிலே முடிதல் வேண்டுமா, அன்றிப் பல நாயகரும் உலாவும் பொதுக் கதையுலகொன்றின் பகுதியாக அமைதல் வேண்டுமா என்பதே அது. இது சுவை பற்றிய வினாவாகவே பேசப்படுகின்றது. உடைமை பற்றிய வினாவாகவும் இதனை நோக்குதல் வேண்டும் என்பது நமது கருத்து.

இவ்வினாவுக்கு நமது அணியிலக்கண மரபு பொருத்தமான சொற்களைத் தருகின்றது. தண்டியலங்காரம் செய்யுளை முத்தகம், குளகம், தொகைநிலை, தொடர்நிலை என நான்காகப் பகுக்கும். தனியே நின்று பொருள் முடிவது முத்தகம். ஒரு கதையையோ சொல்லையோ பற்றித் தொடர்ந்து செல்வது தொடர்நிலை. குளகத்தின் இயல்பு இங்கு நமக்கு முக்கியமானது. அதிலே பல பாட்டுக்கள் ஒரே வினையைக் கொண்டு முடிவனவாதலின், தனிப்பாட்டு ஒன்றை மட்டும் எடுத்துப் படிப்பவனுக்கு வாக்கியம் முடிவதில்லை. இன்று தொடர்நிலை எனப் புகழப்படும் படங்கள் பல, உண்மையிற் குளகங்களே. அவற்றின் வினைமுற்று எப்பொழுதும் அடுத்த படத்திலேயே இருக்கின்றது.

பொதுக் கதையுலகு திரைப்படத்தின் கண்டுபிடிப்பன்று. ஜெரி சீகல், ஜோ ஷுஸ்டர் ஆகிய இரு இளைஞர் படைத்த சுப்பர்மான் 1938 ஆம் ஆண்டிலே வெளிவந்தான். அவனது உரிமையை அவர்கள் 130 டொலருக்கு விற்றுவிட்டனர். இரண்டே ஆண்டுகளில், 1940 இல், வெவ்வேறு கதைகளின் நாயகர் பலர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த 'ஜஸ்ரிஸ் சொசைற்றி' தோன்றிற்று. ஆயினும் இவ்வுத்தியை உலகொன்றாக விரித்தவர்கள், 1961 முதல் மார்வெல் சஞ்சிகைகளை ஆக்கிய ஸ்ரான் லீ, ஜக் கேர்பி, ஸ்ரீவ் டிற்கோ முதலியோரே. அவர்தம் நாயகர் கற்பனை நகரங்களில் வாழவில்லை, நியூயோர்க்கிலே வாழ்ந்தனர். ஒரே ஊரில் வாழ்வோர் தெருவிலே சந்தித்துக்கொள்வது இயல்புதானே? முந்திய இதழைப் பார்க்குமாறு கூறும் பதிப்பாசிரியர் அடிக்குறிப்பு வாசகனுக்கு ஓர் உலகின் ஆழத்தை உணர்த்திற்று. முந்திய இதழை விற்கவும் உதவிற்று. கலைப்பயனும் வணிகப்பயனும் இங்கு ஒரே அடிக்குறிப்பில் ஒட்டிப் பிறந்தன. கேர்பி 1994 இல் மறைந்தார். அவர் வாரிசுகளுக்கும் மார்வெலுக்கும் இடையிலான உரிமை வழக்கு 2014 இலேயே இணக்கத்தில் முடிந்தது.

இனித் திரைப்படத்துக்கு வருவோம். 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த 'எக்ஸ்-மென்', 2002 இல் வெளிவந்த 'ஸ்பைடர்மான்' ஆகியன தனிநிலைப் படங்கள். இத்தனிமையை நெறியாளரின் கலைத்தெரிவு எனக் கொள்வது தவறு. மார்வெல் நிறுவனம் 1996 இன் இறுதியில் வங்குரோத்து நிலையை அடைந்தது. அக்காலப்பகுதியில் அதன் நாயகரின் திரைப்பட உரிமைகள் பல கம்பனிகளிடம் சென்று சேர்ந்தன. எக்ஸ்-மென் குழுவினர் பொக்ஸ் நிறுவனத்துக்கும் ஸ்பைடர்மான் சோனிக்கும் உரியவராயினர். சித்திரக்கதையில் அயலவராக வாழ்ந்தோர் திரையில் ஒருவரையொருவர் அறியாதவராயினர்.

2005 இல் மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் வழியாக மார்வெல் 52 கோடி 50 இலட்சம் டொலர் வரையிலான கடன்வசதியைப் பெற்றது. ஈடாக வைக்கப்பட்டவை கப்டன் அமெரிக்கா உட்படப் பத்துச் சித்திரக்கதைகளின் திரைப்பட உரிமைகள். வீரர்களை ஈடு வைத்துக் கடன்பட்ட இச்செய்தி, நமது நோக்கில், திரையில் நிகழ்ந்த எந்தச் சாகசத்திலும் வியப்புக்குரியது. 2008 இல் 'அயன்மான்' வெளிவந்தது. பெயர்ப்பட்டியல் ஓடி முடிந்தபின் வரும் சிறு காட்சியில், இந்நாயகன் பெரியதோர் உலகின் ஒரு பகுதியே என உணர்த்தப்பட்டது. 2009 இல் டிஸ்னி ஏறத்தாழ 400 கோடி டொலருக்கு மார்வெலை வாங்க உடன்பட்டது. 2012 இல் நாயகர் 'அவெஞ்சர்ஸ்' என ஒன்றுகூடினர். 2019 இல் வந்த 'அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்' 279 கோடி டொலருக்கு மேல் ஈட்டிற்று.

இக்கதையுலகின் எல்லையை வகுத்தது யாது? குவிக்சில்வர் என்னும் பாத்திரம் இதற்குத் தக்க சான்று. சித்திரக்கதையில் அவன் எக்ஸ்-மென் கதைக்கும் அவெஞ்சர்ஸ் கதைக்கும் பொதுவானவன். ஆதலின் 2014 இல் பொக்ஸ் நிறுவனத்தின் படத்திலே ஒரு நடிகரும், 2015 இல் மார்வெல் படத்திலே வேறொரு நடிகரும் அவனாக நடித்தனர். முன்னதில் அவெஞ்சர்ஸ் பற்றிய பேச்சில்லை; பின்னதில் 'மியூற்றன்ற்' என்ற சொல்லுக்கே இடமில்லை. ஸ்பைடர்மான் 2016 இல் ஏனைய நாயகருடன் தோன்றியமைக்குக் காரணம் 2015 இல் இரு கம்பனிகள் செய்துகொண்ட உடன்படிக்கை. எக்ஸ்-மென் குழுவினருக்கு வழி திறந்ததோ 2019 இல் டிஸ்னி பொக்ஸை விலைக்கு வாங்கிய பின்னரே. வாய்மொழி வீரப்பாடல்களைப் பாடிய பாணர் வெவ்வேறு கதைகளின் வீரரை ஒரு களத்திற் கூட்டுதற்கு எவரிடமும் அனுமதி பெறவில்லை. அவ்வீரர் எவருடைய சொத்துமல்லர். இங்கோ நாயகர் சந்திப்பதைச் சட்டத்தரணிகள் தீர்மானிக்கின்றனர்.

இவ்வாறு கூறுவதால் தொடர்நிலையின் ஆற்றலை நாம் மறுப்பதாகக் கொள்ளலாகாது. 'எண்ட்கேம்' அத்தொடரின் 22 ஆவது படம். அதில் ரொனி ஸ்ராக் இறக்கும்போது அரங்கிற் கண்ணீர் விட்டோர், பதினோராண்டுகள் அப்பாத்திரத்தோடு பழகியோர். தனிப்படமொன்றால் இதனைச் சாதித்தல் அரிது. ஆனால் அதன்பின் நிகழ்ந்தது வேறு. 2019 இல் டிஸ்னி தனது சந்தா முறையிலான ஒளிபரப்புச் சேவையைத் தொடங்கிற்று. கதையுலகு அதற்குள்ளும் பரவிற்று. 2023 இல் வந்த 'த மார்வெல்ஸ்' படத்தின் மூன்று நாயகியருள் இருவரை அறிந்துகொள்ள அச்சேவையின் இரு தொடர்களைப் பார்த்திருத்தல் பயன்படும். மார்வெல் வரிசையில் மிகக் குறைந்த வசூலைப் பெற்ற படம் அதுவாயிற்று. முத்தகம் என எண்ணி அரங்கினுள் நுழைந்தவன், தான் குளகத்தின் நடுவே அமர்ந்திருப்பதைக் கண்டான்.

உற்பத்தி முறையையும் நோக்குதல் வேண்டும். கதை எழுதப்படுமுன்னரே வெளியீட்டுத் திகதி குறிக்கப்படும் தொழிலில் அவசரத்தின் சுமை உழைப்போர்மீதே விழும். 2023 செப்ரெம்பரில் மார்வெலின் காட்சிவிளைவுப் பணியாளர் தொழிற்சங்கத்தில் இணைய ஒருமனதாக வாக்களித்தமை தற்செயலன்று. பல ஆண்டுகள் 'அன்ற்மான்' படத்தில் ஈடுபட்டிருந்த நெறியாளர் எட்கர் ரைற் 2014 இல் அதிலிருந்து விலகினார்.

அவ்வாறாயின் தனிநிலையே முற்போக்கானதா? அத்துணை எளிதாக முடிவு கூறவியலாது. கிறிஸ்ரோபர் நோலனின் மூன்று பட்மான் படங்கள் (2005, 2008, 2012) பிறர் உலகோடு தொடர்பற்றவை. ஒரு முடிவை எய்துபவை. எனினும் நகரைக் காக்கும் பொறுப்பைச் செல்வந்தன் ஒருவனிடமே ஒப்படைப்பவை. மறுபுறம், ரயன் கூக்லரின் 'பிளக் பந்தர்' (2018) பொதுக் கதையுலகைச் சேர்ந்ததாயினும், முந்திய படங்களை அறியாதவனும் முழுமையாக விளங்கிக்கொள்ளத்தக்கது. ஒடுக்கப்பட்ட கறுப்பின மக்களுக்கு வளமிக்க ஆபிரிக்க அரசொன்று ஆற்றவேண்டிய கடமை யாது என்ற வினாவை அது எழுப்பிற்று. தக்க விடையை அளித்ததா என்பது வேறு. தொடருக்குள் நின்றும் தன் வினைமுற்றைத் தானே கொண்டிருந்தமையே அதன் பலம். தமிழிலும், அதிமானுட நாயகர் இல்லாவிடினும், 2019 இன் 'கைதி' ஓரிரவிலே முடியும் தனிக்கதையாக நின்றது. 2022 இன் 'விக்ரம்' பின்னர் வந்தே அதனைத் தன்னோடு இணைத்துக்கொண்டது. தன்னளவில் முடிந்த படமே பிறிதொன்றோடு இணையும் தகுதியும் பெறுகின்றது எனலாம்.

முடிவு என்பது இங்கு வெறும் அமைப்புச் சிக்கலன்று. இறக்கக்கூடிய நாயகனுக்கே செயலின் விளைவு உண்டு. விளைவு உள்ள இடத்திலேயே அறக்கேள்வியும் உண்டு. ஜேம்ஸ் மன்கோல்டின் 'லோகன்' (2017) முதுமையும் நோயும் உற்ற வீரனைக் காட்டி, அவனைப் புதைத்து முடிந்தது. பொக்ஸ் டிஸ்னியின் சொத்தான பின் 2024 இல் வெளிவந்த 'டெட்பூல் அண்ட் வொல்வரின்', அதே புதைகுழியைத் தோண்டி எலும்புகளை வெளியிலெடுக்கும் காட்சியோடு தொடங்குகின்றது. அரங்கு சிரித்தது. படம் 130 கோடி டொலருக்கு மேல் ஈட்டிற்று. அதே ஆண்டு யூலையில், ரொனி ஸ்ராக்காக நடித்து இறந்த நடிகர் வேறொரு பாத்திரமேற்று அவெஞ்சர்ஸ் வரிசைக்குத் திரும்புவார் என்ற அறிவித்தலும் வெளியாயிற்று.