பணிப்பொருத்தவியல்

ஒருவரின் இயல்பையும் திறனையும் ஒருபுறம் அளந்து, ஒரு பணி தன்னைச் செய்பவரிடம் வேண்டி நிற்பவற்றை மறுபுறம் அளந்து, இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள நெருக்கத்தைக் கணக்கிட்டுரைக்கும் துறையைப் பணிப்பொருத்தவியல் என்க. தன்னை அறிதல், தொழிலை அறிதல், இவ்விரண்டின் தொடர்பையும் ஆய்ந்து தெளிதல் என இதன் அடிப்படைகள் மூன்றென 1909இல் வெளிவந்த தம் நூலில் பிராங்க் பார்சன்சு வகுத்தார். இன்றைய வேலைவாய்ப்பு இணையத்தளங்கள் அவ்வகுப்பினின்று ஓரடியும் விலகவில்லை. அவர் ஒவ்வொருவரோடும் அமர்ந்து பேசிச் செய்ததை அவை எண்களால் நொடிப்பொழுதில் செய்கின்றன.

தன்னை அறிதல் மூவகைப்படும். கற்றும் பழகியும் பெற்ற ஆற்றல் திறன். ஒரு செயலின்பால் உள்ளம் சாயும் சாய்வு விருப்பு. இடமும் சூழலும் மாறினும் பெரிதும் மாறாது நிற்கும் நடத்தைப்போக்கு ஆளுமை. இம்மூன்றையும் ஒன்றாகக் குழைத்து, "உம் ஆளுமைக்கேற்ற வேலை இது" என்று விளம்பரம் செய்யும் தளங்கள் அளவையின் முதற்பாடத்தையே தவறவிட்டவை.

மலாக்காவில் ஆளையும் வேலையையும் இணைத்த முறைகளுக்கு நெடிய வரலாறு உண்டு. 1896இல் டான் சாய் யான் என்னும் சீனப் பெருவணிகர் புக்கிட் லிந்தாங்கில் பால்மரம் நட்ட பிறகு, மலாயாவெங்கும் தோட்டங்கள் பெருகின. அவற்றிற்கு இந்தியாவிலிருந்து ஆள் திரட்டிய கங்காணி, உறவையும் ஊரையும் பார்த்துத் திரட்டினார். விடியுமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டு, இன்னாருக்கு இன்ன நிரை எனப் பிரித்து விடுவார், பிரித்துவிட்டபின் மறுபேச்சில்லை. பயிற்சியற்ற தொழிலாளரைச் செலவுக்கு உதவி மலாயாவிற்கு அனுப்புவதை 1938இல் இந்திய அரசு தடுத்தபோது, அவ்வழியே ஆள் திரட்டுவதும் நின்றது. ஆளை அறிந்தவர் ஆளைச் சேர்த்தார் என்பது அம்முறையின் வலிமை. தனியொருவரின் விருப்பைக் கேட்கும் இடமே அதில் இல்லை என்பது அதன் குறை.

இன்று மலாக்காவின் சுங்கை ஊடாங்கில் பெட்ரோனாசு எண்ணெய்த் தூய்விப்பாலையும் தெரெண்டாக் படைமுகாமும் நிற்கின்றன. பத்து பெரெண்டாமில் மின்னணுத் தொழிற்சாலைகள் இயங்குகின்றன. வேலை தேடும் இளைஞர், மலேசியச் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோ 2020 முதல் நடத்திவரும் மைஃபியூச்சர்ஜாப்சு தளத்தில் தம் விவரங்களைப் பதிகின்றனர். அத்தகைய தளம் இயங்க முதலில் தொழில்களுக்கு ஒழுங்கான பெயரடைவு வேண்டும். பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் 2008ஆம் ஆண்டு வகைப்பாடு உலகத் தொழில்கள் அனைத்தையும் 10 பெரும்பிரிவுகளில் தொடங்கி, நான்கு படிநிலைகளில் இறங்கி, 436 அடிப்படைக் குழுக்களுக்குள் அடக்கிவிடுகிறது. வீட்டு வேலை முதல் விண்கலப் பொறியியல் வரை அந்த 436இல் ஓரிடம் பெறுகிறது.

அடுத்தது அளவை. சான் ஆலண்டு என்னும் உளவியலார் 1959இல் முன்வைத்த கோட்பாடு செய்கை, ஆய்வு, கலை, தொண்டு, முனைவு, ஒழுங்கு என விருப்பை ஆறாகப் பகுக்கிறது. விளக்கத்திற்காக எண்களை நாமே இடுவோம். ஓர் இளைஞரின் ஆறு மதிப்புகள் இவ்வரிசையில் 5, 4, 1, 2, 1, 5 எனக் கொள்க. ஆலைக் கட்டுப்பாட்டறைப் பணியின் மதிப்புகள் 5, 4, 1, 1, 2, 5. கடை விற்பனைப் பணியின் மதிப்புகள் 2, 1, 2, 5, 5, 3. ஒவ்வோரிணையின் வேறுபாட்டையும் இருமடியாக்கிக் கூட்டினால் முதற்பணிக்கு 2, இரண்டாவதற்கு 48. இருமடிமூலம் எடுக்க, முதலது ஏறத்தாழ 1.4 தொலைவிலும் மற்றது 6.9 தொலைவிலும் நிற்கின்றன. உள்ளத்தின் சாய்வு ஆறு திசையுள்ள வெளியில் ஒரு புள்ளியாகிறது. பொருத்தம் என்பது இரு புள்ளிகளின் இடைவெளியாகிறது.

எனினும் ஆளுமைக்கு எவ்வளவு எடை தருவது? புதுமையேற்பு, கடமையொழுங்கு, புறநோக்கு, இணக்கம், உணர்வலைவு என்னும் ஐங்கூறுகளையும் பணித்திறத்தோடு ஒப்பிட்டு முன்னைய ஆய்வுகளைத் தொகுத்த பாரிக்கும் மவுண்டும், கடமையொழுங்கு ஒன்றே எல்லாத் தொழிற்குழுக்களிலும் தொடர்ந்து துணைநிற்பதை 1991இல் காட்டினர். ஆயினும் அத்தொடர்பின் அளவு 0.2ஐ ஒட்டியதே. அதனை இருமடியாக்கினால் 0.04, பணித்திற வேறுபாட்டில் ஏறத்தாழ 4 விழுக்காட்டையே அது விளக்குகிறது என்பது பொருள். இவ்வளவு மெலிந்த அளவுகோலைக் கொண்டு வேலைகளின் பட்டியலை முன்பின்னாக அடுக்கலாம். ஓர் இளைஞரை வாயிலிலேயே திருப்பியனுப்ப அதனைப் பயன்படுத்துவது அறிவியலாகாது. அப்படிச் செய்யும் முதலாளி, கங்காணியைவிடக் குறைவாகவே ஆளை அறிந்தவர்.

வினாத்தாளின் மொழி இங்கு மற்றொரு சிக்கல். மலாயிலோ ஆங்கிலத்திலோ கேட்கப்படும் நுண்ணிய வினாவிற்குத் தமிழ்ப்பள்ளியில் பயின்ற இளைஞர் தயங்கித் தயங்கி விடையளித்தால், எண்ணாக வெளிவருவது அவர் இயல்பா, மொழிப்பழக்கமா என்பதைக் கணினி பிரித்தறியாது. இதற்குரிய வழியை அளவையியல் முன்பே வகுத்துள்ளது. வினாக்களைத் தமிழில் ஆக்கி, மூலத்தைப் பாராத வேறொருவரைக் கொண்டு திரும்ப மூலமொழிக்குப் பெயர்க்கச் செய்து, இரண்டையும் ஒப்புநோக்க வேண்டும். பின்னர் இருமொழியும் நன்கறிந்த இளைஞர் குழுவொன்றிற்கு இருவடிவங்களையும் இடைவெளிவிட்டுக் கொடுத்து, ஒரே ஆளிடம் எவ்வினா இருவேறு எண்களைத் தருகிறதோ அவ்வினாவைத் தனியே எடுத்துத் திருத்த வேண்டும். ஐங்கூறுகளையும் ஆறு விருப்புகளையும் மேலே தமிழிலேயே சொல்லிவிட்டோம்; அவற்றை அளக்கும் வினாத்தாளைத் தமிழில் ஆக்குவதற்கு வேண்டுவன உளவியல் கற்ற தமிழாசிரியர் சிலரும், விடையளிக்க முன்வரும் இளைஞர் சில நூற்றுவருமே.